இன்னொருவர் அதிகம் கேட்டிருக்கிறார்

"அந்த ஆப்பைப் போட்டுக் குடுத்தது யாரு? நீதானே?"

"போட்டுக் குடுத்தேன்ப்பா. ஒரு தடவை கேட்டுப் பாத்துட்டு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். இப்படி நாள் முழுக்க உக்காந்து அழுத்திட்டே இருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"ஒரு மரக்குதிரைக்கு! இந்த வீட்டுல ஏறி உக்கார ஒரு குழந்தை உண்டா? நீ ஏறப் போறியா, இல்ல நான் ஏறப் போறேனா?"

"நீங்க ஏறினா அது தாங்காது."

"இந்த வாய்க்கு மட்டும் ஒண்ணும் குறைச்சல் இல்ல."

குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மா, பெரியவள், குழாயைப் பாதி மூடினாள். முழுதாக மூடினால் ஒட்டுக்கேட்பது வெளியே தெரிந்துவிடும்.

"அம்மாவுக்கு அது குதிரை இல்லப்பா."

"பின்ன என்ன, யானையா?"

"மாமா."

அதற்கப்புறம் சமையலறைப் பக்கமிருந்து ஸ்பூன் டம்ளரில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது.

இந்தக் கதைக்குள் இன்றுதான் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவளின் அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். ஸ்டுடியோவில் ஒரு மரக்குதிரை இருந்தது. அந்தப் பக்கத்துக் குழந்தைகள் எல்லாரும் அதன்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர்கள்தான். பெரியவளுக்கு ஒரே தம்பி. ஆல்பத்தில் படம் ஒட்டி ஒட்டி, எந்த நேரமும் விரலில் பிசினோடு திரிந்ததால் வீட்டில் அவனுக்குக் கோந்து என்றே பேர் நின்றுவிட்டது. வளர்ந்தபின் ஒருநாள் அப்பாவோடு வாய்த்தகராறு முற்றி, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். போனவன் போனவன்தான். அப்பா மறுமாதமே குதிரையை விற்றார். அவன் பேரைக் கடைசிவரை எடுக்காமலே அவரும் போய்ச் சேர்ந்தார்.

போன வாரம், பழைய சாமான்களை ஏலம் விடுகிற ஒரு ஆப்பில், ஆல்பத்தில் பார்த்த அதே குதிரை மகளின் கண்ணில் பட்டது. அதை வேறு யாரோ ஒருவரும் விலை கேட்டுக்கொண்டிருந்தார். ஆப் அந்த ஆளின் பேரைக் காட்டவில்லை. இங்கிலீஷில் முதல் எழுத்து கே, கடைசி எழுத்து யூ, நடுவில் எல்லாம் நட்சத்திரம். கோந்து என்று இங்கிலீஷில் எழுதினாலும் முதலும் கடைசியும் அதேதான்.

அந்த இரண்டு எழுத்தைப் பார்த்த நாளிலிருந்து பெரியவள் பெரியவளாக இல்லை.

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? சண்டை நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு."

அவள் புருஷன் தலையைச் சொறிந்தார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். அதனால் அக்கம்பக்கத்தில் லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும்.

"இந்தாம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அது உன் தம்பிதான்னு எப்படிச் சொல்றே? கேயில ஆரம்பிச்சு யூவில முடியற பேரு எத்தனை இருக்கு! எங்க ஆபீஸ்லயே ரெண்டு பேரு இருக்கானுங்க. ரெண்டுமே வெத்துவேட்டு."

"அவன்தாங்க. நான் கேட்ட உடனே கேக்கறான். விரலை எடுக்கறதுக்குள்ள பதில் வந்துடுது. 'உங்களை விட இன்னொருவர் அதிகம் கேட்டிருக்கிறார்'னு. காலையில பாத்தாலும் இருக்கான், மத்தியானம் பாத்தாலும் இருக்கான். வேற யாரு ஒரு பழைய குதிரைக்கு இப்படிக் காவல் காப்பாங்க?"

கூரியர் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் சீப்பைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நீ ஒவ்வொரு படியாவா கேட்டுட்டு இருக்கே?"

"ஆமா. நான் விலையை ஒரு படி ஏத்துவேன், அவன் ஒரு படி ஏத்துவான். நேத்து மத்தியானம்கூட, பாவம், சாப்பிடற நேரமாச்சேன்னு கொஞ்ச நேரம் கேக்காம விட்டு வெச்சேன். அவனும் போய் ஒரு வாய் சாப்பிட்டு வரட்டும்னு."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே நின்றுபோனது.

"அம்மா... அங்க யாரும் இல்லம்மா."

"என்னடி சொல்றே?"

"உக்காரு, சொல்றேன். அதுல ஒரு வசதி இருக்கு. இந்தப் பொருளுக்கு அதிகபட்சம் நான் இவ்வளவு வரைக்கும் போவேன்னு முன்னாடியே ஒரு தொகையைச் சொல்லி வெச்சிடலாம். அது வெளியில யாருக்கும் தெரியாது. விக்கிறவருக்கே தெரியாது. அப்புறம் வேற யாராவது கேட்டா, அவங்களை விட ஒரே ஒரு படி மேல வெச்சு, ஆப்பே நமக்காகக் கேக்கும். நாம தூங்கலாம், வேலைக்குப் போகலாம், எங்க வேணா போகலாம். அந்தாளு முதல் நாளே தொகையைச் சொல்லிட்டுப் போயிருப்பாரு. நீ அழுத்தினதுக்கெல்லாம் பதில் சொன்னது மெஷின்."

பெரியவள் உட்கார்ந்தாள். நாற்காலியில் காயப்போடாத துணி கிடந்ததை அவள் பார்க்கவில்லை, அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

நாலு நாளாகத் தம்பியோடு பேசிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். ஒரு வார்த்தை இல்லாத பேச்சுதான். ஆனாலும் நான் இருக்கேன், நான் இருக்கேன் என்று அவன் சொல்லுகிற மாதிரியே அவளுக்குக் கேட்டிருந்தது.

"சரி, அவன் சொல்லி வெச்ச தொகை எவ்வளவு?"

"அது தெரியாதும்மா. அதைத் தாண்டினாத்தான் தெரியும்."

"தாண்டினா?"

"தாண்டினா நீ முன்னாடி போயிட்டே, அந்தாளு பின்னாடி போயிட்டாருன்னு அர்த்தம்."

அவன் எவ்வளவு ஆசைப்படுகிறான் என்று தெரியவேண்டுமானால் அவனைத் தோற்கடித்தாக வேண்டும். என்ன கணக்கு இது!

லிஃப்ட்காரர் குரலைத் தணித்துத்தான் பேசினார். "இன்னொண்ணும் யோசி. நீ ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் விலை ஏறுது. கடைசியில ஜெயிக்கப் போறது அவன்னா, ஏறின விலையை யாரு குடுக்கறது? உன் தம்பி பாக்கெட்ல கையை விட்டு எடுத்து, முன்ன பின்ன தெரியாத ஒரு பழைய சாமான்காரன் கையில குடுத்துட்டு இருக்கே."

அவர் குத்திக்காட்டவேண்டும் என்று சொல்லவில்லை. ஆனாலும் நன்றாகக் குத்தியது.

"நான் ஏத்தினதை எறக்க முடியாதா?"

"கேட்டது கேட்டதுதான்ம்மா. வாபஸ் வாங்க விடமாட்டாங்க."

"அது என்ன லிஃப்டா, பட்டனைத் தட்டினதும் எறங்கறதுக்கு?" என்றார் அவர். சொன்னபின் அவருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. "சரி விடு, டீ ஆறுது" என்று டம்ளரை அவள் பக்கம் தள்ளினார்.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"இன்னைக்கு மூணு மணிக்கு ஏலம் முடியுது. அதுக்குள்ள ஒரு வழி இருக்கும்மா. விக்கிறவர்கிட்ட பொருளைப் பத்திக் கேள்வி கேக்கலாம். அவர் பதில் போட்டாருன்னா, கேள்வியும் பதிலும் குதிரைப் படத்துக்குக் கீழ வந்துடும். யாரு வேணா படிக்கலாம். அந்தாளும் படிக்கலாம்."

"அப்ப நான் யாருன்னு எழுதிடட்டுமா?"

"பேரோ நம்பரோ எழுதினா ஆப் அழிச்சிடும். குதிரையைப் பத்தி மட்டும்தான் கேக்கலாம். நீதான் கேக்கறேன்னு மாமாவுக்கு மட்டும் புரியற மாதிரி கேளு."

பெரியவள் வேலை செய்வது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். முன்பக்கம் சட்டங்கள் அடுக்கிய அலமாரி, வெளிச்சம், சிரித்த முகமாக நிற்கிற பெண்பிள்ளைகள். பின்பக்கம் ஒரு சின்ன அறை. வெட்டும் மெஷின், தண்ணீர், வெள்ளைத் தூள், அவள். லென்சின் நடுவில் புள்ளி வைத்து, சட்டத்தின் அளவுக்கு விளிம்பைச் சீவி, உள்ளே பொருத்துவது அவள் வேலை.

அன்றைக்கு ஒரு கண்ணாடியில் இடதுபக்க லென்சை வலதுபக்கம் பொருத்திவிட்டாள். மாட்டிப்பார்த்த பெரியவர், "என்னம்மா, மாடிப்படி என் மேல ஏறுது!" என்று கத்தினார். மன்னிப்புக் கேட்டு, கண்ணாடியை வாங்கிக்கொண்டு வந்து, மறுபடி கழற்றினாள்.

என்ன கேட்பது?

காது உடைந்திருக்கிறதா என்று கேட்கலாம். ஆனால் அது படத்திலேயே தெரிகிறது. எத்தனை வருஷத்துக் குதிரை என்று யாரும் கேட்பார்கள்.

குதிரைமேல் உட்காரவைத்தால் கோந்து சின்ன வயசில் வழுக்கி வழுக்கி விழுவான். அப்பா கேமராவுக்குப் பின்னால் நின்று சத்தம் போடுவார். அதனால் பெரியவள் குதிரைக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டு, தம்பியின் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொள்வாள். படத்தில் தெரியக்கூடாது. மூச்சைக்கூட மெதுவாக விடவேண்டும். பல்பு வெளிச்சம் அடித்ததும் அவன் குனிந்து பார்த்து, "அக்கா, இருக்கியா?" என்று ரகசியமாகக் கேட்பான். ஆல்பத்தில் அவன் தனியாகத்தான் சிரிக்கிறான். அவள் அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறாள் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

பெரியவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

"குதிரைக்குப் பின்னால் ஒரு ஆள் குனிந்து உட்கார்ந்தால் முன்னால் இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியுமா?"

அனுப்பினாள். 'உங்கள் கேள்வி விற்பவரின் பதிலுக்காகக் காத்திருக்கிறது' என்று வந்தது.

டீ வந்தது, பதில் வரவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்தது, பதில் வரவில்லை. இரண்டரை ஆனது. அந்தப் பழைய சாமான்காரர் எங்கே போய்த் தொலைந்தாரோ!

மகளுக்குப் போன் போட்டாள். பார்சல் ஒட்டுகிற டேப்பின் சர்ர்ர் சத்தத்துக்கு நடுவில் மகள் கத்தினாள். "அம்மா, பதறாதே! இதுல இன்னொரு விதி இருக்கு. கடைசி அஞ்சு நிமிஷத்துல யாராவது கேட்டா, ஏலம் இன்னும் அஞ்சு நிமிஷம் நீளும். கேக்கக் கேக்க நீண்டுட்டே போகும்."

"நான் கேட்டா விலை ஏறுமேடி. அவன் தலையிலதானே விழும்!"

"அது... ஆமாம்மா."

இரண்டு ஐம்பதுக்குப் பின்னறைக் கதவு திறந்தது. கையில் கிரீசோடு லிஃப்ட்காரர் நின்றார். எதிர்க் கட்டடத்தில் வேலை இருந்ததாம். எதிர்க் கட்டடத்துக்கு லிஃப்டே கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"பதில் வந்துச்சா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சு நிமிஷம் இருந்தது, அப்புறம் நாலு.

"கேளு" என்றார் அவர்.

"காலையில அந்தப் பேச்சுப் பேசினீங்க?"

"பேசினேன். இப்ப கேளுங்கறேன். லிஃப்ட் கதவு மூடும்போது நடுவுல கையை நீட்டாதேன்னு நானே போர்டு எழுதி மாட்டியிருக்கேன். ஆனா நமக்கு வேண்டியவங்க ஓடி வராங்கன்னா நீட்டத்தான் செய்வோம். நீட்டு."

அவள் ஒரு படி அழுத்தினாள். 'உங்களை விட இன்னொருவர் அதிகம் கேட்டிருக்கிறார்.' கடிகாரம் மறுபடி அஞ்சுக்குப் போனது.

மெஷின் என்று தெரிந்தபிறகும் அந்த வரியைப் பார்த்ததும் மனசு ஒருதரம் துள்ளியது. அதை என்ன செய்வது?

காத்தார்கள். சாமான்காரர் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடி 'இன்னொருவர்'. மறுபடி காத்தார்கள். இப்படியே நாலைந்து தடவை ஆயிற்று. விலை இப்போது லிஃப்ட்காரர் வாங்க நினைத்திருந்த பழைய ஸ்கூட்டரின் விலைக்கு வந்துவிட்டது. அவர் அதைக் கவனித்தார். ஆனாலும், "அழுத்து" என்றார்.

"மன்னிச்சுக்கடா" என்று முணுமுணுத்துக்கொண்டே இன்னும் ஒரு படி அழுத்தினாள்.

இந்தத் தடவை அந்த வரி வரவில்லை.

'இப்போது அதிகம் கேட்டிருப்பவர் நீங்கள்தான்.'

"என்னங்க இது? என்னங்க வந்திருக்கு?"

லிஃப்ட்காரர் கண்ணைச் சுருக்கிப் படித்தார். "அவன் சொல்லி வெச்ச தொகை தீந்துபோச்சு போலிருக்கு."

பெரியவள் போனையே பார்த்தாள். அவன் எதுவரைக்கும் போக நினைத்தான் என்பது தெரிந்துவிட்டது. ஒரு பழைய ஸ்கூட்டர் விலை. வசதியாக இருக்கிறவன் இன்னும் கொஞ்சம் மேலே போயிருப்பான். ஆசை இல்லாதவன் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டான். எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்து, கையில் இருப்பதைக் கூட்டிப் பார்த்து, இதற்கு மேல் முடியாது என்று ஒரு எண்ணைத் தட்டியிருக்கிறான். அந்த எண்ணைத்தான் அவள் தாண்டி வந்து நிற்கிறாள்.

அப்போது பார்த்துத்தான் சாமான்காரரின் பதில் வந்தது. படத்துக்குக் கீழே, எல்லாரும் பார்க்கிற மாதிரி.

'குழந்தையைப் பிடிச்சுக்கறதுக்குக் கேக்கறீங்களா? ஒரு ஆள் தாராளமா மறைஞ்சு உக்காரலாம். முன்னாடி இருந்து பாத்தா யாரும் இருக்கற மாதிரியே தெரியாது.'

"வந்துடுச்சு! வந்துடுச்சுங்க! இப்ப அவன் பாக்கணும்."

"பாப்பான்."

"பாத்தா அவன் கேக்கணும். இனிமே மெஷின் இல்லையே, அவனேதான் வந்து கேக்கணும். வாடா. கேளுடா. ஒரே ஒரு படி. அக்காவைத் தோக்கடிடா."

நாலு நிமிஷம், மூணு, ரெண்டு. அவளால் இனிமேல் எதுவும் செய்ய முடியாது. முன்னால் நிற்கிறவள் தன்னையே தாண்டிக் கேட்க ஆப் விடாது. லிஃப்ட்காரர் கிரீஸ் கையோடு அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். ரவிக்கையில் கறை படிந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

மணி மூன்றரையைத் தொட்டபோது போன் ஒரு சந்தோஷ மணி அடித்தது.

'வாழ்த்துக்கள்! ஏலத்தை வென்றுவிட்டீர்கள்.'

பெரியவள் மேஜைமேல் தலையைச் சாய்த்தாள். முன்பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை எட்டிப்பார்த்து, "அக்கா, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டது. "இல்லம்மா, ஜெயிச்சுட்டாங்க" என்றார் லிஃப்ட்காரர்.

சாயங்காலம் மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் போன். சாமான்காரர் செய்தி அனுப்பியிருந்தார். 'பெரிய பொருள். பத்திரமா அனுப்பறேன். விலாசம் சொல்லுங்க.'

"நான் வேண்டாம்னு சொன்னா?" என்றாள் பெரியவள்.

"ஜெயிச்சுட்டு வேண்டாம்னா உன் பேருல ஒரு கெட்ட பேர் ஏறும். அப்புறம் அடுத்து அதிகம் கேட்டவருக்குக் குடுக்க சம்மதமான்னு விக்கிறவர்கிட்ட ஆப் கேக்கும். அவர் சரின்னா, அந்தாளு கேட்ட விலைக்கே அந்தாளுக்குப் போகும்" என்றாள் மகள்.

"அதுக்காகவா இவ்வளவு பாடுபட்டே?" லிஃப்ட்காரர் நிமிர்ந்தார். "குதிரை இங்க வரட்டும்மா. இங்க இருந்தா என்னைக்காவது தேடிக்கிட்டு வருவான்."

"யார்கிட்ட இருக்குன்னு தெரியாம எங்க போய்த் தேடுவான்? அதுல ஒருத்தர் விலாசம் இன்னொருத்தருக்குக் காட்டுவாங்களா?"

மகள் இல்லை என்று தலையாட்டினாள். "ஆனா அம்மா, நல்லா யோசிச்சுக்கோ. அந்தாளு மாமாவா இல்லேன்னா, குதிரையும் போச்சு. மறுபடி கண்ணுலகூடப் பாக்க முடியாது."

அது உண்மை. பெரியவள் படத்தை விரலால் பெரிதாக்கினாள். ஒட்டின காது. தேய்ந்த சேணம். அவளுக்கு அதைத் தொடவேண்டும்போல இருந்தது. பின்னால் போய் ஒருதரம் குனிந்து உட்கார்ந்து பார்க்கவேண்டும்போலவும் இருந்தது.

"என் கைக்கு வந்தா அவன்கிட்டேருந்து பிடுங்கின மாதிரிதான் இருக்கும்" என்றாள். "அவன் கைக்குப் போனா, நான் பிடிச்சு ஏத்தி விட்ட மாதிரி."

சாமான்காரருக்கு எழுதினாள். 'எனக்கு வேண்டாம். அடுத்து கேட்டவருக்கே கொடுத்துவிடுங்கள். அவர் வாங்கிக்கொண்டால் குதிரையின் கழுத்தில் ஒரு சீட்டுக் கட்டி அனுப்பமுடியுமா?'

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'இது என்ன வேண்டுதலோ தெரியல. சரி, கட்டி விடறேன். ஒரு வரிதான். பேரு, நம்பர் இருந்தா வெக்கமாட்டேன், என் கணக்கைத் தூக்கிடுவாங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க.'

பெரியவள் 'வேண்டாம்' என்கிற பட்டனை அழுத்தினாள். நிஜமாகத்தானா என்று ஆப் கேட்டது. மறுபடி அழுத்தினாள்.

'அடுத்து அதிகம் கேட்டவருக்குத் தகவல் அனுப்பப்பட்டது. அவர் ஏற்கலாம், மறுக்கலாம்.'

"இதுக்கும் மெஷினே பதில் சொல்லிடுமா?"

"இல்லம்மா. இதுக்கு அந்தாளே கையால அழுத்தணும்."

எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு போன் இப்போது ஒருதரம் முனகியிருக்கும். யாரோ எடுத்துப் பார்ப்பார்கள். அந்த யாரோவின் முகத்தை நினைத்துக்கொண்டே பெரியவள் ஒரு காகிதத்தை எடுத்தாள். 'நல்லா இருக்கியா' என்று எழுதி அடித்தாள். 'அப்பா போயிட்டார்' என்று எழுதி, அதைக் குதிரைக் கழுத்தில் கட்டி அனுப்புகிற சேதியா என்று கிழித்தாள். 'வா' என்று ஒற்றை எழுத்தை எழுதினாள். அது அதட்டுகிற மாதிரி இருந்தது. லிஃப்ட்காரர் ஒன்று சொன்னார், மகள் ஒன்று சொன்னாள். எதுவும் சரிப்படவில்லை. காகிதம் வெறுமையாகவே கிடக்கிறது.

இதைப் படித்துக்கொண்டிருக்கிற நீங்கள் சொல்லுங்கள். ஒரே ஒரு வரி. பேர் கூடாது, நம்பர் கூடாது. தம்பியாக இருந்தால் அவனுக்கு உடனே புரியவேண்டும். யாரோ வேற்று மனிதராக இருந்தால் அவருக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது. உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது அப்படிப் போயிருந்தால், அவரை நினைத்துக்கொண்டே எழுதுங்கள். அந்தச் சீட்டில் பெரியவள் என்ன எழுதட்டும்? தயவுசெய்து எனக்கு எழுதி அனுப்புங்கள்.